புகையை நீக்கியவர்

நூலகத்தின் ஆண்டு மலருக்காக
தீவின் கலைஞர்கள் பதினொரு பேரிடம் பேசினேன்.
ஹீயுமாவில் அப்போது மார்ச்.
கடல் உறைந்தும் உறையாமலும் கிடந்தது.
நாளைக்குப் படகு உண்டா என்று கேட்டால்
துறைமுகத்தில் தோளைக் குலுக்கினார்கள்.

எல்லோரிடமும் ஒரே கேள்வியோடு போனேன்:
ஏன் இங்கேயே இருக்கிறீர்கள்?
அது அசட்டுக் கேள்வி என்பது
மூன்றாவது வீட்டில்தான் உறைத்தது.
ஓவியர் ஆய்லி பதிலுக்கு
ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னார்.
எட்டடிப் படம், ஈரம் காயவில்லை.
மாடிப்படி இறங்கி முடித்தபோது
என் கோட்டின் கையில் ஒரு துண்டுக் கடல்.
"அது போகாது" என்றார்.
அவருடைய பேட்டி அவ்வளவுதான்.

நாடகக்காரர் ரைவோ எல்லாவற்றுக்கும் "ம்" என்றார்.
தட்டச்சு செய்து எண்ணிப் பார்த்தேன், நாற்பத்திரண்டு "ம்".
இரண்டில் கோபம் இருந்தது, எழுத்தில் அது வரவில்லை.

கவிஞர் இல்மேதான் கேள்வியை மதித்தார்.
தன் புத்தகத்தின் கடைசி வரியைச் சொன்னார்:
'போக வழி வைத்த வீட்டில்தான்
நெருப்பு தங்கும்.'
"ஒரு ஜனவரி இரவு தானாக வந்தது.
நான் வெறும் பென்சில்."
பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
ஒலிப்பதிவில் பதினாறு விநாடி
குளிர்பெட்டி பேசுகிறது.

அதே வரி துறைமுகத்துக் கல்பெஞ்சிலும் இருக்கிறது,
சிற்பி கால்யோ உளியால் வெட்டியது.
"அவள் எழுதியதா? யார் சொன்னது?
என் மேசையில், என் வாயால் வந்தது.
அவள் அப்போது என் சூப்பைக் குடித்துக்கொண்டிருந்தாள்."
பதிவை நிறுத்தச் சொல்லாமலே
இருபத்தேழு வருடக் கணக்கை எடுத்தார்:
திருப்பித் தராத ஏணி,
விழா அழைப்பிதழில் விடுபட்ட பெயர்,
ஒருமுறை, ஒரே ஒருமுறை,
படகுத்துறையில் பற்றிய கை.
மலரில் கடைசியை விட்டுவிட்டேன்.
இங்கே எழுதிவிட்டேன், என்ன செய்வது.

வரி யாருடையது என்று தெரியாமல்
அச்சுக்கு அனுப்ப முடியாது.
அந்த இரவில் குயவர் மார்யேவும் இருந்தாராம்.
கேட்டேன். சக்கரத்தை அவர் நிறுத்தவில்லை.
"ரெண்டு பேருமே இல்லை.
அன்றைக்கு வீடெல்லாம் புகை.
கண்ணைக் கசக்கிக்கொண்டே
கலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.
கூரையிலிருந்து இறங்கிவந்த ஊர்மாஸ் சொன்னான்,
புகைபோக்கி துடைக்கிறவன்.
கையில் வாளி, வாளியில் காக்கைக் கூடு.
'புகை போக வழி வைத்த வீட்டில்' என்றுதான் சொன்னான்.
இல்மே புகையை எடுத்துவிட்டாள்."
சற்றுச் சுற்றவிட்டு,
"எடுத்தது நல்லதுதான்" என்றார்.

ஊர்மாஸ் என் பட்டியலில் இல்லை.
பன்னிரண்டு என்று பேனாவால் சேர்த்தேன்.
எம்மாஸ்தே சாலையில் ஒரு கூரைமேல் நின்றிருந்தார்.
கீழிருந்து வரியைக் கத்தினேன்.
நடுவில் மூச்சு முட்டி மறுபடி கத்தினேன்.
"சொல்லியிருப்பேன்!
எல்லா வீட்டிலும் அதைத்தான் சொல்கிறேன்.
யாரும் ஒரு செங்கல்லைக்கூட நகர்த்துவதில்லை."
கயிற்றில் கட்டிய இரும்புக் குண்டை உள்ளே விட்டார்.
அது போகும் சத்தம்
சுவருக்குள் இறங்கி என் காலடி வரை வந்தது.
"நூலகத்து அடுப்பில் தகடு பாதி மூடிக் கிடந்ததே,
இன்னும் அப்படியேதானா?"
அப்படியேதான்.

மலரில் இப்படிப் போட்டேன்:
சொன்னவர் ஊர்மாஸ்.
புகையை நீக்கியவர் இல்மே.
கல்லில் வெட்டியவர் கால்யோ.

மே மாதம் நூலகத்துக்கு ஒரு கண்டனக் கடிதம் வந்தது.
இரண்டு கையெழுத்து, ஒரே பேனா.
ஓரத்தில் சூப்புக் கறை.