கட்டமும் வட்டமும்

தருமபுரி அரசு மருத்துவமனை,
மனநலப் பிரிவு, வியாழக்கிழமை.
சீட்டைத் திருப்பிப் போட்டு
டாக்டர் ஷகீலா வரைகிறார்:
ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம்,
கல்யாணத்துக்குக் கிடைக்கோடு,
பிள்ளைகளுக்கு இறங்குகோடு,
செத்தவர் மேல் ஒரு சாய்கோடு.
"வீட்ல வேற யாருக்காவது?"

எங்கள் வீட்டில் இதற்குப் பெயர் கிடையாது.
'முனிரத்தினம் வாயைக் கட்டிக்கிட்டான்' என்பார்கள்.
தை மாதம் அப்பா பேச்சை நிறுத்தினால்
ஊரெல்லாம் புளி உலுக்கி ஓய்ந்த பிறகுதான்
ஒரு வார்த்தை வரும்.
அதுவும் தெலுங்கில், மாட்டிடம்.
அவர் கட்டம் கறுப்பாகிறது.

அத்தை சாலம்மா: பாதி கறுப்பு.
அவள் மேல் வந்த சாமி
மூன்று மாதம் இறங்கவில்லை.
சித்தப்பா திம்மராயன்: வயல் கிணறு.
கால் தவறியது என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள்.
டாக்டர் கேள்விக்குறி போட்டார்.
பேனாவை வாங்கி
அந்தக் கட்டத்தை நானே நிரப்பினேன்.

நான் பாலக்கோடு மண்டியில்
தக்காளிக் கணக்கு எழுதுகிறவள்.
ஆடியில் ஒருநாள்
நாற்பது பெட்டியையும் இருபது பெட்டியையும்
கூட்ட வரவில்லை.
அரைமணி நேரம் பேனா மூடியைப் பார்த்திருந்தேன்.
அழுகையும் இல்லை,
பெய்யவே பெய்யாத மூட்டம்.

"ரத்தத்துலயே இருக்கா, மேடம்?"

"நூத்துக்கு நாப்பதுன்னு சொல்றாங்க" என்றார்.
அடுத்த சீட்டுக்காரர் கதவைத் தள்ளிவிட்டார்.

பேருந்தில் அந்த நாற்பதை
மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.
என்னில் நாற்பது கிலோ அப்பா,
மிச்சம் நானா?
காரிமங்கலம் தாண்டும்போது புரிந்தது, மண்டிக் கணக்காக:
நூறு பெட்டி ஏலத்துக்கு வருகிறது,
ஒன்று போன விலைக்கு இன்னொன்று போவதில்லை.
அந்த ஏற்ற இறக்கத்தில்
விதைக்கு எவ்வளவு பங்கு என்று கேட்டால்
ஒரு எண் சொல்லலாம்.
ஒற்றைப் பெட்டிக்குள் கைவிட்டுத் துழாவினால்
அந்த எண் அகப்படாது.
தக்காளிதான் அகப்படும்.

பிறகு பல்லை நினைத்தேன்.
அப்பாவுக்கு, அத்தைக்கு, சித்தப்பாவுக்கு, எனக்கு
முன்பற்களில் ஒரே காவிப்பட்டை.
பெண் பார்க்க வந்தவர்கள்
'வம்சப் பல்லு' என்று எழுந்துபோனார்கள், இரண்டு தடவை.
வாயை மூடியே சிரிக்கப் பழகினேன்.
காவேரித் தண்ணீர் குழாயில் வந்த பிறகு
பிறந்தவள் என் மகள் தமயந்தி.
அவள் பல் தேங்காய்ப் பத்தை.
வம்சம் அதேதான்.
ஆழ்துளைக் கிணறுதான் வேறு.

இந்தக் கணக்கோடு நிம்மதியாகி இருக்கலாம்.
முடியவில்லை.
எல்லாமே பல் இல்லை.
அப்பாவோடு ஒருநாளும் சேர்ந்து தூங்காத என் பெண்
அவரைப் போலவே
இடது காதைப் பிடித்துக்கொண்டு தூங்குகிறாள்.
சாயங்காலங்களில் அவள் பேசாமல் இருக்கும் நிமிஷங்களை
நான் திருட்டுத்தனமாக எண்ணுகிறேன்.
நேற்று பதினொன்று.
எறும்பு பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

சீட்டு அவள் கையில் சிக்கிவிட்டது.
பாண்டி விளையாட்டு என்று நினைத்தாள்.
கடைசி வட்டம் வெறுமையாக இருந்தது.
"இது யாரு?"
"நீ."
"உள்ள ஒண்ணுமே இல்ல?"
"இன்னும் எழுதல."
விரல் மேலே ஏறியது.
"இது?"
"திம்மராயன். உனக்குச் சின்னத் தாத்தா."

அந்தப் பெயரை எங்கள் வீட்டுச் சுவர்கள்
இருபத்தாறு வருஷமாகக் கேட்டதில்லை.
குழம்பைக் கிண்டிய என் அம்மாவின் கரண்டி
நின்று, மறுபடி நகர்ந்தது.

"கிணத்துல விழுந்துட்டாரா?"

'ஆமாம்' என்று சொல்வதுதான் வழக்கம்.
அது எந்த ரத்தத்திலும் இல்லை,
அதையும் ஒரு தலைமுறை
அடுத்ததற்குக் கொடுத்துத்தான் வந்திருக்கிறது.

"இல்ல" என்றேன்.
உட்காரச் சொன்னேன்.
மாத்திரையை நாக்கில் வைத்து
குழாய்த் தண்ணீர் குடித்துவிட்டு
சொல்லத் தொடங்கினேன்.