எண் நாற்பத்து நான்கு

முதல் முறை வந்தபோது நல்ல வெயில்.
ஏஜண்ட் ஹஃபீஸ் எல்லாச் சன்னலையும் திறந்து வைத்திருந்தான்.
வெயிலில் எந்த வீடும் பொய் சொல்லும்.

பதினாறடி அகலம், நாற்பத்தெட்டடி நீளம்.
செந்தூலின் பழைய வரிசையில் கடைசிக்கு முந்திய வீடு.
கார் நிறுத்த இடமில்லை. என்னிடம் காருமில்லை.
ஒரு மோட்டார், அது கூடத்திலேயே படுத்துக்கொள்ளும்.

பையிலிருந்து எலுமிச்சம்பழம் ஒன்றை எடுத்துத்
தரையில் விட்டேன்.
கொஞ்சம் யோசித்தது.
பிறகு சமையலறைப் பக்கம் உருண்டு
அடுப்புமேடைக்கு அடியில் காணாமல் போனது.
ஓர் அங்குலச் சரிவுதான் என்றான் ஹஃபீஸ்.
ஐம்பது வருஷத்தில் ஓர் அங்குலம்.
நான் இதைவிட அதிகம் சாய்ந்திருக்கிறேன்.

ஐம்பது காசால் தரையைத் தட்டிக்கொண்டே போனேன்.
ஏழு ஓடுகளுக்குக் கீழே ஒன்றுமில்லை.
கதவு நிலையில் கரையானின் மண்கோடு,
அவசரத்தில் போட்ட கையெழுத்து மாதிரி.
வயரெல்லாம் கறுத்த பழையது.
பின்கட்டின் தகரக் கூரைக்கு அனுமதி வாங்கவே இல்லை.
நிலக் குத்தகை இன்னும் ஐம்பத்தெட்டு வருஷம்.
எனக்கு நாற்பத்து மூன்று.
கூட்டினால் நூற்றொன்று.
சரி, வீடுதான் என்னை வழியனுப்பும்.

விலை ஏன் இவ்வளவு குறைச்சல்?
ஹஃபீஸ் வாசல் எண்ணைக் காட்டினான்.
சீனத்தில் நாலு என்றால் சாவு மாதிரி ஒலிக்குமாம்.
இங்கே இரண்டு நாலு.
மூன்று வருஷமாய்ப் பலபேர் படியோடு திரும்பிவிட்டார்கள்.

எங்களுக்கு மட்டும் என்ன வாழ்கிறது?
நாலு பேர் என்றால் கடைசியில் தூக்கிப் போகிறவர்கள்.
அதுவரைக்கும் வாய் ஓயாமல் பேசுகிறவர்களும்
அதே நாலு பேர்தான்.
கல்யாணமாகாதவளுக்கு எதற்கு வீடு என்றார் ஒருவர்.
தம்பி பேரையும் சேர்த்துப் போடேன் என்றார் இன்னொருவர்.
செந்தூலா என்று மூக்கைச் சுளித்தார் மூன்றாமவர்.
நாலாமவர் ஒன்றும் சொல்லவில்லை. சிரித்தார்.

இரண்டாவது முறை யாரிடமும் சொல்லாமல் வந்தேன்.
சாயங்கால மழை, ஊசியாய் இல்லை, உலக்கையாய்.
எதிர்ச்சாரியில் பூட்டிக் கிடந்த முடிவெட்டும் கடையோரம்
ஒண்டி நின்று வேவு பார்த்தேன்.
சாக்கடை நிரம்பியது, படியைத் தொடவில்லை.
குறித்துக்கொண்டேன்.
ரயில் போனது, சன்னல் கண்ணாடி பல்லைக் கடித்தது.
அதையும்.

கதவு திறந்தது.
வீட்டுக்காரி மேடம் யாப் குடையில்லாமல் சடக்கைக் கடந்து வந்து
என் முழங்கையைப் பிடித்தாள்.
"மழையில் பார்க்கத்தானே வந்தாய்?
உள்ளே வந்து பார்."

பின்னறையில் மூன்று பாத்திரங்கள்:
ஒரு மைலோ டின், குழந்தை குளிக்கும் பேசின், அடிபிடித்த சோற்றுப்பானை.
எந்த ஓட்டைக்கு எது என்பது அவளுக்கு மனப்பாடம்.
"டின் சீக்கிரம் நிறையும். பேசின் ராத்திரி முழுக்கத் தாங்கும்.
அந்த மூலையில் கட்டில் போடாதே.
பக்கத்து வீட்டுக்காரன் விடியற்காலை மூன்றுக்கு
மீன் சந்தைக்குக் கிளம்புவான், அவன் லாரி இருமும்.
விசிறியை நாலில் வைத்தால் பியூஸ் போகும்."

மறுபடியும் நாலு.
உங்களுக்கு இந்த எண் பயமில்லையா என்றேன்.
"இந்த எண்ணைச் சொல்லித்தான் என் புருஷன் அன்றைக்கு விலையைக் குறைத்தான்.
முப்பத்தாறு வருஷம். செத்தது ஒரு பூனை."
புருஷன்?
"ஜோகூரில். வேறொருத்தியோடு. நன்றாகத்தான் இருக்கிறான்."

பாலில்லாத தேத்தண்ணி கொடுத்தாள்.
மேலே மிதந்தது ஒரு எலுமிச்சைத் துண்டு.
"பெருக்கும்போது கிடைத்தது" என்றாள்.

வழியில் பசியாறும் கடையில் உட்கார்ந்து
ரசீதின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்.
கூரை, வயர், கரையான் மருந்து, வக்கீல் கூலி
எல்லாம் கழித்தேன்.
அந்த ஏழு ஓடுகளைக் கழிக்கவில்லை,
நடந்தால் ஆள் வருவது தெரியும்.
இரண்டு லட்சத்து நாற்பத்து நாலாயிரம் வெள்ளி என்று வந்தது.
முழுமையாக்கலாமா என்று பேனாவைத் தூக்கினேன்.
அப்படியே விட்டுவிட்டேன்.

கீழே ஒரு வரி சேர்த்தேன்:
பின்னறைப் பாத்திரங்கள் மூன்றும் வீட்டோடு இருக்கட்டும்.
கூரைக்காரன் அடுத்த மாதம்தான் வருவானாம்.