ஐந்தாம் நாளுக்கு முன்

ஐந்து நாள் ஆகும்வரை
எங்கள் சட்டத்தில் அது விலங்கே இல்லை.
நூற்றிருபதாவது மணியில் விலங்காகிவிடும்,
தானே இரை தேடத் தொடங்கிவிடும் என்பதால்.
செவ்வாய்க்கிழமை முட்டை எடுத்தால்
ஞாயிறு காலை ஒன்பதுக்குள் முடித்தாக வேண்டும்.
உத்ரெக்டில் முப்பத்தொரு ஆண்டு
என் ஞாயிறுகள் இப்படிப் போயின:
பாலத்தில் எதிர்காற்று, சைக்கிள்,
மூன்றாம் மாடி, பனிக்கட்டித் தண்ணீர்,
பிறகு ப்ளீச்.
தேவாலய மணி அடிக்கும்போது
கையுறையைக் கழற்றிக்கொண்டிருப்பேன்.

மீன்களுக்கு விடியலைக் கொண்டுவருபவர் வாகிமன்.
பரமாரிபோவில் பிறந்தவர், என்னைவிட உயரம் குறைவு,
எல்லாத் தொட்டிக்கும் எண் இருந்தாலும் பெயர் சொல்வார்.
எட்டரைக்கு விளக்கைப் போட்டு,
ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவில்
இரவு முழுதும் நின்ற தடுப்பை உருவுவார்.
இருபது நிமிடம்.
தாயே தின்றுவிடாமலிருக்க
வலைத்தட்டுக்கு அடியில் விழும் முட்டைகள்.
"கல்யாணத் தரகர்கூட
இவ்வளவு சீக்கிரம் முடித்ததில்லை" என்பார்,
தினமும், அதே சிரிப்போடு.

தொண்ணூற்று மூன்றில்
ஆண்மீன்களை நஞ்சு கலந்த நீரில் நீந்தவிட்டோம்.
வேண்டியிருந்தது பிழைதான்.
எங்காவது ஓர் எழுத்து புரளட்டும்,
பேரக்குஞ்சுகளில் அது என்ன செய்கிறதென்று பார்க்கலாம்.
பார்க்கத் திறக்க வேண்டியதில்லை.
அவ்வளவு தெளிவு அந்த உடல்,
தன்னிடம் மறைக்க ஏதுமில்லை என்பதுபோல.
இரண்டாயிரத்து எழுநூற்றுப் பதினான்காம் தட்டில்
நாலில் ஒன்று
இரண்டு முறை அடித்து, நின்று,
யோசித்து,
மறுபடி அடித்தது.
ஹாப்பரிங் என்று பெயர் வைத்தேன். எங்கள் மொழியில் திக்கல்.
அன்று வெளியே போய்
தனியாக ஒரு பீர் குடித்தேன்.

மரபணுவைக் கண்டுபிடிக்கப் பதினோரு ஆண்டு.
கட்டுரையை ஒன்பது பேர் மேற்கோள் காட்டினார்கள்,
அதில் நாலு பேர் நாங்களே.
திருமணம் ஒன்று இடையில் வந்து போனது.
ஒரு மழை இரவில் பம்பு நின்றது;
நாலாயிரம் மீன் மிதந்த காலையில்
வாகிமன் வாளியோடு நின்றார்,
பதினொரு திக்கல் மீனோடு.
"இவைதானே நீ தேடுவாய்?"

பிறகு ஸ்வோல்லெ மருத்துவமனையிலிருந்து
ஒரு பெண் மருத்துவர் எழுதினார்:
கொத்தனார் குடும்பம், இரண்டு பிள்ளைகள் இல்லை,
மூன்றாவது பிள்ளைக்கு இதயம் தடுமாறுகிறது.
அதே மரபணு. பதினேழு எழுத்துத் தள்ளி.

மனிதரின் நல்ல பிரதியை முட்டைக்குள் ஊசி போட்டோம்,
மீன் திக்காமல் அடித்தது.
அந்தக் குடும்பத்தின் பிரதியைப் போட்டோம்,
திக்கியது.
நாற்பது கோடி ஆண்டுக்கு முன் பிரிந்துபோன உறவு,
நம் எழுத்தை இன்னும் வாசிக்கிறது,
நம் எழுத்துப்பிழையையும்.

மருந்தில்லை. சிறுமிக்கு
நெஞ்சுக்குள் ஒரு கருவி வைத்தார்கள்.
யோரிக்கெ, ஒன்பது வயது,
ஒருநாள் பெற்றோரோடு வந்தாள்.
தொட்டிக் கண்ணாடியில் மூக்கை அழுத்தி,
"இதில் எது நோயாளி?"
எதுவும் இல்லை என்றேன்.
நீந்துகிறவை எல்லாம் நலம்;
அந்த எழுத்தை ஒற்றையாகச் சுமக்கின்றன, அவ்வளவுதான்.
குஞ்சுகள்தாம்...
வாக்கியத்தை முடிக்கவில்லை.
நீல வரிகள் திரும்பின, திரும்பின.
அவள் அம்மா கண்ணாடியில் விரல் வைத்தார்.
"அப்போ இவை நாங்கள்."

ஆண்டுக் கணக்குப் படிவத்தில்
பயன்படுத்திய விலங்குகளின் எண்ணிக்கை கேட்பார்கள்.
ஐந்து நாளுக்கு முன் போனவற்றுக்கு
அதில் ஒரு வரி கிடையாது.
நான் தனி நோட்டு வைத்திருந்தேன், பென்சிலில்.
மொத்தம் கூட்டவில்லை.

மார்ச்சில் ஓய்வு.
ஹாப்பரிங்கின் விந்து திரவ நைட்ரஜனில் இருக்கிறது,
யாராவது கேட்டால் கொடுப்பார்கள்.
நேற்று ஞாயிறு.
ஏழு மணிக்கே விழித்து, ஷூ வரை போட்டு,
திரும்ப உட்கார்ந்தேன்.
எட்டரைக்குச் சமையலறை விளக்கைப் போட்டேன்.
எதுவும் முட்டையிடவில்லை.