மேற்கு வாசல் சரக்குப் பதிவேடு

ஹெஷ்தூர்ப் பேரரசு தோற்ற நாடுகளிலிருந்து
பொன்னை இரண்டாவதாகத்தான் எடுத்தது.
முதலில் கடவுளர்.
வைக்கோல் சுற்றி, வாயில் துணி அடைத்து
மட்டக்குதிரை வண்டிகளில்
தலைநகர் அஷ்ரோனுக்கு வந்தார்கள்.
வாசலில் துவேல் இருந்தான்.
சுங்கக் கணக்கன். வலக்காது மந்தம் என்று
தன் சம்பளச் சீட்டில் தானே எழுதியிருக்கிறான்.
ஈரக் களிமண்ணில் அவன் கீறும் எழுத்து
எப்போதும் இடப்புறம் சாயும்.
அந்தச் சாய்வை வைத்துத்தான்
ஆயிரத்து எண்ணூறு ஆண்டு கழித்து
உடைந்த பலகைகளை ஒட்டும் வேலையில்
அவனை அடையாளம் காண்கிறேன்.

'நெக்வான். வெள்ளத்தின் கடவுள். கருங்கல்.
முழங்கை ஒன்பது, ஒன்று வழியில் உடைந்தது.
தினப்படி: மீன் ஒரு கூடை.'

'இல்சேத். குளம்புநோய் தருபவள், தீர்ப்பவளும் அவளே.
செம்பு. ஒழுகுகிறாள்.
தினப்படி: பால், நுரையோடு.'

'உரோக். எதற்குக் கடவுள் என்று
கூட வந்த பூசாரிக்கே தெரியவில்லை.
தாடி தனி வண்டியில்.'

இப்படி முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்.
அரண்மனைக்கு அடியில், நிலவறையில்,
தோளோடு தோள் இடிக்க நிறுத்தினார்கள்.
மழைக்கடவுளும் வறட்சிக்கடவுளும்
ஒரே தூணில் சாய்ந்தபடி.

பிறகு மெர்க் சதுப்பிலிருந்து ஒரு வண்டி.
வைக்கோல் இருந்தது. கயிறு இருந்தது.
கயிற்றுக்குள் ஒன்றுமில்லை.
படைத்தலைவன் சீறியதற்கு
கைதியாக வந்த உப்புக்காரி சொன்னாளாம்:
'மின்னலுக்கும் இடிக்கும் நடுவே இருக்கிறதே, அதுதான்.
கட்டச் சொன்னீர்கள், கட்டினோம்.'
எல்லோரும் சிரித்தார்கள்.
துவேல் விதிப்படி தராசில் ஏற்றினான்.
தட்டு இறங்கியது.

'பெயர்: சொல்லவில்லை.
பொருள்: தெரியவில்லை.
எடை: படிக்கல் பதினொன்று.
தினப்படி: கேட்கவில்லை.'

அந்த நான்கு வரியில் மட்டும்
எழுத்து சாயவில்லை.

ஏழாம் அரசன் செலவைக் குறைத்தான்.
முதலில் மீன் நின்றது, பிறகு பால்.
கடவுளர் பட்டினியால் சாவதில்லை.
கண்டதைத் தின்பார்கள்.
நெக்வான் ஆற்றின் ஓசையைத் தின்றான்;
இருட்டில் கரை எங்கே என்று தெரியாமல்
படகுகள் மோதின.
இல்சேத், எட்டு நாள் வாரத்தின்
ஆறாம் நாளைத் தின்றாள்;
அது சந்தை நாள்.
உரோக் அரசனின் பெயரைத் தின்றான்.
நாணயத்தில், சாசனத்தில், கல்லறை முகப்பில்
அது இருந்த இடமெல்லாம்
சின்னச் சின்னப் பல் தடம்.
எதற்குக் கடவுள் என்று
யாராவது அந்தப் பூசாரிக்குச் சொல்லியிருக்கலாம்.

அஷ்ரோன் விழுந்ததைப் பற்றி மூன்று காவியம் உண்டு.
மூன்றும் வென்றவர்கள் பாடியவை.
வடக்கிலிருந்து குதிரைப்படை வந்ததாம்,
வானம் சிவந்ததாம்.
வந்திருக்கலாம்.
நிலவறைத் தூண்களை நான் தடவிப் பார்த்திருக்கிறேன்.
மேலே கரி.
அடியில், இடுப்புயரத்துக்கு,
கடி.

கடைசிப் பலகை, சுடாத பச்சைமண்.
ஊரை எரித்த தீயே அதைச் சுட்டுக் கொடுத்திருக்கிறது:

'மேற்கு வாசல். வெளியே போவது: வண்டி ஒன்று.
ஓட்டுபவன்: நான்.
சரக்கு: ஒன்றுமில்லை.
சுங்கம்: விதிக்கவில்லை.'

நேற்று அந்த வாசற்கல்லைக் கழுவி அளந்தேன்.
நூற்றாண்டுகளின் சக்கரத் தடங்கள்,
எதுவும் ஒரு விரல் ஆழத்தைத் தாண்டவில்லை.
ஒரு சோடி மட்டும் முழங்கை ஆழம்,
வெளியே போகும் திசையில்.

அளவுகோலை மடக்கும்போது
சதுப்புப் பக்கம் மின்னியது.
ஓடு கழுவும் பிர்ஜா, பழக்கத்தில்,
ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினாள்.
சாப்பாட்டு மணி அடித்தபோது
நாலாயிரத்தைத் தாண்டியிருந்தாள்.