மூடப்படாத கோப்பு

இரவு இரண்டு நாற்பதுக்கு அது வரும்.
மூதூர்ப் பக்கமாக எழும்பி
பத்தரை நிமிடத்தில்
நிலாவெளிக்கு அப்பால் விழுந்துவிடும்.
சப்பாத்துப் பெட்டியளவு செய்மதி.
ஒரு வருடம் உயிரோடிருந்தால் போதும்
என்றுதான் அனுப்பினார்கள்.
இது ஆறாவது.

உவர்மலையில் என் கதிரை.
சுழல்கதிரை, சுழலாது.
பொருட்பதிவேட்டில் அதன் பெயருக்கு நேரே
"நல்ல நிலை."
கைப்பையில் கொழும்புக் கொம்பனியின் கடிதம்:
மூன்று மடங்கு சம்பளம்,
வெள்ளிக்கிழமைக்குள் பதில்.

ஜெயவரதன் கரண்ட் பில்லின் முதுகில்
நடுவே கோடு கிழித்தார்.
வங்கிக்காரர், அப்படித்தான் யோசிப்பார்.
இடப்பக்கத்தை ஒரே மூச்சில் நிரப்பினார்:
பென்சன். இடர் கடன். பண்டிகை முற்பணம்.
றெயில்வே வொறன்ற்
(இதுவரை ஒருமுறைதான் ஏறியிருக்கிறோம்,
அதுவும் கல்லோயாவில் நின்றுவிட்டது).
வலப்பக்கம் உனக்கு, என்று
பேனையை என்னிடம் தந்துவிட்டுப் படுத்துவிட்டார்.

என்னத்தை எழுத?
போன மார்கழியில் ஒரு மான்
அன்ரெனாவின் வயரைக் கடித்துத் துண்டாக்கியது.
இந்த ஊர் மான்கள்
தேர்தல் போஸ்டரும் தின்னும், லஞ்ச் சீற்றும் தின்னும்.
தலைமையகத்துக்கு அறிவித்தேன்.
ஐந்து கிழமைக்குப் பிறகு
மும்மொழியிலும் பதில் வந்தது:
"மேற்படி மான் நிறுவனத்துக்குச் சொந்தமானதா
எனத் தெரியப்படுத்தவும்."
அதற்குள் காவலாளி நஸுருதீன்
தன் காசில் வயர் வாங்கி
தன் கையால் முறுக்கிவிட்டிருந்தார்.

காலை எட்டரைக்கு
வரவுப் புத்தகத்தில் சிவப்புக் கோடு விழும்.
விடியும்வரை விண்வெளியோடு இருந்தவளுக்கும்
அதே கோடு, அதே எட்டரை.

இன்னொன்று இருக்கிறது.
அதை எந்தப் பக்கம் எழுதுவதென்று தெரியவில்லை.
அது அனுப்பும் படத்தில்
ஒரு புள்ளி என்றால் முப்பது மீற்றர்.
குடாவுக்கு அக்கரையில் எங்கள் வளவு
ஒன்றரைப் புள்ளி.
முட்கம்பி அதில் தெரியாது.
உள்ளே போகக்கூடாதென்ற பலகை தெரியாது.
பச்சை மட்டும் தெரியும்.
பச்சை இருக்கும்வரை
கிணறு வற்றவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.
கம்பி அடித்த கையும்
என் சம்பளத்தாளில் ஒப்பமிடும் கையும்
ஒரே உடம்பில்தான் முளைத்திருக்கின்றன.
அந்த உடம்பின் கண்ணாக
நான் மாதம் இருபத்தைந்தாம் திகதி
காசு வாங்குகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்
சுற்றறிக்கை வந்தது:
"பயன்பாட்டுக்காலம் முடிவடைந்தது.
தொடர்பைத் துண்டிக்கவும்."
மூன்று கையொப்பம் வேண்டும்.
இரண்டு கிடைத்தது.
மூன்றாமவர் விஜேகோன் ஓய்வுபெற்றுப் போனார்.
அவர் இடத்துக்கு ஆள் எடுக்க விளம்பரம் போட
அனுமதி கேட்டு எழுதிய கடிதத்துக்கு
பதில் இன்னும் வரவில்லை.
கோப்பு மூடப்படவில்லை.
ஆகவே செய்மதி
உத்தியோகபூர்வமாக உயிரோடிருக்கிறது.

நேர்முகத் தேர்வில் இதைக் கேட்டேன்.
உங்களிடம் என்றால் என்ன செய்வீர்கள்?
நல்ல பிள்ளை, சிரித்த முகம்:
"அன்றைக்குப் பின்னேரமே நிறுத்தியிருப்போம்."
அவன் சொன்னதில் பிழையில்லை.
அவர்களின் கதிரைகள் சுழல்கின்றன.

இரண்டு முப்பத்தெட்டு.
தட்டு கிறீச்சிட்டுத் திரும்புகிறது.
கிறீஸ் வாங்க மூன்று விலைமனு கேட்டிருக்கிறோம்.
மின்விசிறிக் காற்றில் கொம்பனிக் கடிதம் படபடக்க
அதன்மேல் தூக்கி வைக்க
கைக்குக் கிடைத்தது அந்தக் கோப்புத்தான்.

வந்துவிட்டது.
மின்கலம் ஆறு புள்ளி ஒன்று.
போன கிழமை ஆறு புள்ளி நாலு.
குறித்துக்கொள்கிறேன்.
வெள்ளிக்கு இன்னும் இரண்டு நாள்,
எட்டுச் சுற்று.

நிலாவெளிக்கு மேலே இரைச்சல் மூடுகிறது.
வாசலில் நஸுருதீன் டோர்ச்சை அணைத்துவிட்டு
தினமும் கேட்பதையே கேட்கிறார்:
"இருக்குதா மிஸ்?"

"இருக்கு."