காட்பாடியில் ஐந்து நிமிடம்

ஐந்து நிமிடம் நிற்கும் வண்டி,
டி ஏழு, ஜன்னல் பக்கம், பாசிப்பச்சைத் துப்பட்டா
என்று செய்தி அனுப்பியிருந்தாள் நஸ்ரின் அக்கா.
நான் அவளைப் பார்த்ததில்லை.

பதினான்கு பேராசிரியர்களுக்கு எழுதினேன்.
பதில் வந்தது இரண்டு.
ஜூன் வரை வெளிநாட்டில் இருப்பேன் என்று
ஒன்று தானாக வந்தது, செப்டம்பரில்.
மற்றதை எழுதியது இவள்.
யாருக்கோ அனுப்பியது இவளிடம் தள்ளப்பட்டிருக்கிறது.
'சென்னை வந்துட்டு திரும்புறேன். ஸ்டேஷனுக்கு வர முடியுமா?'

ராணிப்பேட்டையிலிருந்து திருவலம் வழி பஸ்.
பொன்னையாற்றுப் பாலத்தில் லாரி பழுதாகி நிற்க
கேள்விகளை மனப்பாடம் செய்தபடி
மணலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேலைவாய்ப்புப் பிரிவில் தயாபரன் சார் சொல்லியிருந்தார்:
ஆராய்ச்சி எல்லாம் வசதி உள்ளவங்களுக்கும்மா,
பேங்க் பரீட்சைக்குச் சேர்ந்துடு, ஃபீஸ் குறைக்கச் சொல்றேன்.
ஸ்ரீபெரும்புதூரில் ஷிஃப்ட் போகும் கிதியோன் அண்ணன்
வேதியியலா, பெயின்ட் கம்பெனியில கேக்கட்டுமா என்றான்.
அப்பா மட்டும் சாப்பாட்டில் கையை வைத்தபடி யோசித்து,
'இன்னா வேலைம்மா அது?
நீ தேடிக்கினே இருப்ப, அவங்க சம்பளம் குடுத்துக்கினே இருப்பாங்களா?'
என்றார். கேலி இல்லை.
நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.
எனக்கும் தெரியவில்லை.

எனக்குத் தெரிந்தது ஒரு கால்வாய்.
அப்பா வேலை செய்யும் தோல் ஷெட்டுக்குப் பின்னால்
மஞ்சளாக ஓடுகிறது.
சீமைக்கருவேலமே கருகிப்போன கரையில்
கோரை மட்டும் இடுப்புயரம் நிற்கிறது.
குடித்ததை அது எங்கே வைத்திருக்கிறது?
வேரிலா, தாளிலா?
அப்பாவின் நகக்கண்ணில் இருக்கிறது ஒரு நீலம்.
கோயிலுக்குப் போகும் ஞாயிறுகளில்
எலுமிச்சைத் தோலால் தேய்ப்பார்.
போனதில்லை.

டி ஏழு நடைமேடை தாண்டிப் போய் நின்றது.
ஓடியதில் ஒரு நிமிடம்.
மசால்வடைக்காரரிடம் சில்லறை வாங்குவதில்
அக்காவுக்கு இன்னொன்று.
'பெர்சிஸா? இவ்ளோ சின்னப் பொண்ணா?'
எம்எஸ்சி எங்கே, எந்த நுழைவுத் தேர்வு என்றதற்கெல்லாம்
மளமளவென்று பதில் வந்தது.
உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன், வியர்வையில் பாதி அழிந்தது.
'உதவித்தொகை ஏழு மாசமா வரல.
என் கைடு இன்னும் என்னை நஸ்ரியான்னுதான் கூப்பிடறார்.'
சிரித்தாள். நானும் சிரித்தேனா, நினைவில்லை.

முடிச்சதும் நீங்க என்ன ஆவீங்க அக்கா?

வடையைக் கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.
'அதை யாரைக் கேக்கறதுன்னுதான் பாத்துட்டிருக்கேன்.'

சாப்பாட்டுப் பையிலிருந்து பாட்டிலை எடுத்தேன்.
முன்பு அதில் கலர் சோடா இருந்தது,
இப்போது கால்வாய்.
கம்பிக்கு இந்தப் பக்கம் தூக்கிக் காட்டினேன்.
அவள் முகம் மாறியது.
தூக்கம் தெளிந்த முகம்.
கம்பியோடு நெற்றி ஒட்டக் குனிந்து
'முதல்ல நீ' என்று ஆரம்பித்தாள்.

அதற்குள் எதிர்த் தண்டவாளத்தில் சரக்கு வண்டி.
உதடு அசைந்தது. கை ஏதோ எழுதியது காற்றில்.
பின்னாலேயே நடந்தேன், அப்புறம் ஓடினேன்,
பச்சைத் துப்பட்டா ஜோலார்பேட்டை பக்கம் போய்விட்டது.

முதல்ல நீ படி.
முதல்ல நீ வேலைக்குப் போ.
முதல்ல நீ வீட்டுக்குப் போ, இதெல்லாம் வேண்டாம்.
திருவலம் வரும்வரை வாக்கியத்தை
நானே முடித்து முடித்துப் பார்த்தேன்.
இரவு பத்தரைக்குத்தான் கேட்டேன்:
அக்கா, கடைசியா என்ன சொன்னீங்க?

பதிலுக்குள் ஒரு கொட்டாவி இருந்தது.
'நானா? ஞாபகம் இல்லையே.
ஆமா, அந்தப் பாட்டில்ல தேதி எழுதினியா?'

எழுதவில்லை.
செவ்வாய் எடுத்தேனா, புதனா.
மழை பெய்ததற்கு முன்பா, பிறகா.
ஏதோ ஒரு தேதியைப் போட்டுவிட
பேனா மூடியைக் கழற்றினேன்,
திரும்ப மாட்டினேன்.

காலையில் போய் வேறு எடுக்க வேண்டும்.
இதைக் கொட்டிவிடலாம்.
பாட்டிலோடு பின்கட்டுக்கு வந்தாயிற்று.
சாக்கடை ஏரிக்குப் போகிறது.
முருங்கை அடியில் ஊற்ற மனசில்லை.
வாசல் குழாயடியில் பக்கத்து வீட்டுக் குடங்கள்.

மூடியைத் திருகிப் பிடித்தபடி
நின்றுகொண்டிருக்கிறேன்.
'தூங்கலியா?' என்கிறார் அப்பா உள்ளிருந்து.