ஒரு சுழி

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு
மை தீர்ந்துபோனது.

வேறெதுவும் நடக்கவில்லை.
கேட்டவர்கள் எல்லாரிடமும் டெல்மிரா இதையே சொன்னாள்.
கனவில்லை, நோயில்லை, பாதிரியாரின் பிரசங்கமில்லை.
கன்றின் கண்ணைப் பார்த்து மனம் உடைந்தது என்றிருந்தால்
நம்பியிருப்பார்கள்.
மைதான் தீர்ந்தது.

தக்குவரெம்போ ஊருக்கு வெளியே
யூகலிப்டஸ் தோப்பை ஒட்டிய வெள்ளைக் கூடத்தில்
பத்தொன்பது வருடமாக அவள் இறைச்சி ஆய்வாளர்.
புழு உண்டா என்று ஈரலைக் கீறிப் பார்ப்பாள்.
கழுத்துக் கழலையை விரலால் நசுக்குவாள்.
காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல
நுரையீரலில் உள்ளங்கையை வைப்பாள்.
எல்லாம் சரியென்றால்
ஊதா மையில் தோய்த்த நீள்வட்ட முத்திரை,
தொடையில் ஒன்று, தோளில் ஒன்று.

ஊன் என்று எழுத இரண்டு சுழி ன.
ஊண் என்று எழுத மூன்று சுழி ண.
நடுவே இருக்கிற அந்த ஒரு சுழியைப் போடத்தான்
உருகுவே அரசாங்கம் அவளுக்குச் சம்பளம் தருகிறது.
தமிழ் அவளுக்குத் தெரியாது. சுழி தெரியும்.

கிடங்கிலிருந்து புது மைக்குப்பி வரப்
பதினோரு நிமிடம்.
சங்கிலி நின்றது.
நாற்பத்தாறு பாதி உடல்கள் கொக்கியில்
ஆவி விட்டுக்கொண்டு வரிசையில் நின்றன,
மாடும் இல்லை, இறைச்சியும் இல்லை.
முன்னால் தொங்கியதன் தோளில் ஒரு தசை,
ஈ உட்கார்ந்தால் சிலிர்க்குமே, அப்படிச்
சிலிர்த்தது. ஈ இல்லை.
நரம்பின் மிச்சக் கணக்கு அது,
கல்லூரியில் படித்ததுதான்.
கையுறையைக் கழற்றித் தொட்டாள்.
கழற்றியிருக்கக் கூடாது.
விதிப்படியும் கூடாது.

மை வந்தது. நாற்பத்தாறுக்கும் குத்தினாள்.

"நீயே தின்னாவிட்டால் அம்மா,
நீ நல்லதென்று குத்தியதை யார் தின்பார்கள்?"
என்றாள் மகள் யாமிலா. நியாயம்தான்.
வீட்டுக்கடன் இன்னும் ஆறு வருடம்.
காலணி தோல். கைப்பை தோல்.
மாத்தே குடிக்கிற குடுவைக்கும் தோல் உறை.
எங்கே நிறுத்துவது, நாக்கிலா?
நாக்கு ரொம்பச் சின்ன இடம்.
ஆனால் வேறெந்த இடத்துக்கும்
அவளிடம் சாவி இல்லை.

மாமியார் எர்சிலியா பரிவோடு கோழி வைத்தாள்.
"இறைச்சிதானே வேண்டாம் என்றாய்?"
அந்த வீட்டில் கோழி இறைச்சியில் சேர்த்தி இல்லை.

பன்னிரண்டு நாள் பூசணியும் பருப்பும்.
பத்தாம் நாள் இரவு மட்டும்
ஃபிரிட்ஜ் வெளிச்சத்தில் நின்றபடி
ஆறிப்போன விலாத் துண்டு ஒன்று.
யாரிடமும் சொல்லவில்லை.
உப்பு சரியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் வால்தெமார்
தணலைக் கிளறிக்கொண்டே கூவினான்:
"டாக்டரம்மாவுக்கு முற்றத்தில் புல் இருக்கிறது!"
எல்லாரும் சிரித்தார்கள், அவளும்.
கம்பிகளின் ஓரத்தில் ஒரு குடமிளகாய்,
பிளந்து, முட்டை உடைத்து ஊற்றி.
யாரும் அவனிடம் கேட்டிருக்கவில்லை.

தட்டுகளை எடுத்து வைக்கும்போதுதான் பார்த்தாள்.
கணவனின் தட்டில், கொழுப்பின் விளிம்பில்,
தீயில் பாதி கருகிய ஊதா வட்டம்.
எண் தெரிந்தது. அவளுடைய எண்.
அந்தச் செவ்வாய்க்கிழமையாக இருக்கலாம்.
இல்லாமலும் இருக்கலாம்.

அவன் கத்தியால் விளிம்பை வெட்டித்
தட்டோரம் ஒதுக்கினான், எப்போதும்போல.
மீதியைத் தின்றான்.
சுழி மிஞ்சியது.

நாய்க்குப் போடலாமென்று எடுத்தாள்.
இன்னும் சூடாக இருந்தது.
நாய் வந்து காலடியில் உட்கார்ந்து
அவள் கையையே பார்த்தது.

"மிளகாய் வெந்துவிட்டதா?" என்று
புகைக்குள்ளிருந்து வால்தெமார் கேட்டான்.

"பார்க்கிறேன்" என்றாள்.